என் மனைவியைத் தூக்கிய நாலு பேர்

1

போன சனிக்கிழமை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பதாகையில் என் மனைவியைப் பார்த்தேன்.

செந்தூலிலிருந்து கொமுட்டர் ரயிலில் வந்து, உடைந்த மூக்குக் கண்ணாடியைச் சரி செய்யப் போய்க்கொண்டிருந்தேன். பூக்கடைகளுக்கு எதிரே, இரண்டு விளக்குக் கம்பங்களுக்கு நடுவில் அதைக் கட்டியிருந்தார்கள். ஒரு பெண்மணி பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து கிடக்கிறார். ஆறு இளைஞர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டில் இறங்குகிறார்கள். பின்னால் மின்னல் வெட்டுகிறது. கட்டடத்துக்குள் இருக்கும் படிக்கட்டில் மின்னல் எப்படி வெட்டும் என்று கேட்கக் கூடாது. படத்தை யாரோ கணினியிடம் சொல்லிச் செய்ய வைத்திருக்கிறார்கள். ஓர் இளைஞனுக்கு இரண்டும் இடது கையாக இருந்தன. கீழே கொட்டை எழுத்தில், 'செந்தூல் தாயின் கண்ணீரைத் துடைத்த கரங்கள்!' அதற்கும் கீழே எங்கள் வைபியின் சிரித்த முகமும் அன்று மாலை செராமாவுக்கு அழைப்பும்.

ஊர் நண்பர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். வைபி என்றால் இங்கே மக்கள் பிரதிநிதி, நம் ஊர் மாண்புமிகு. செராமா என்றால் அரசியல் கூட்டம். செந்தூல் தாய் என்றால் என் மனைவி சாந்தி.

படத்தில் இருந்தவர் சாந்தியைவிட இருபது வயது மூத்தவராகவும் அவள் எடையில் பாதியாகவும் இருந்தார். எடை விஷயத்தை அவள் மன்னித்துவிடுவாள். ஆனால் அந்த அம்மாள் வெள்ளைச் சேலை கட்டியிருந்தார், நெற்றியில் பொட்டில்லை. நான் ஒரு கையில் உடைந்த கண்ணாடியோடு, எதிரே உயிரோடு நின்றுகொண்டிருந்தேன்.

2

மிகைப்படுத்திப் பேசுவது எனக்குப் பிடிக்காது. என் தொழில் அப்படி. ஒரு கட்டடத்துக்கு எவ்வளவு செங்கல், எவ்வளவு சிமெண்ட், எவ்வளவு கம்பி என்று அளந்து சொல்கிறவன் நான். கூட்டிச் சொன்னால் முதலாளி திட்டுவார், குறைத்துச் சொன்னால் கட்டடம் திட்டும்.

தொழிலுக்கு முன்னாலேயே அறந்தாங்கியில் இந்த வெறுப்பு தொடங்கிவிட்டது. கடைவீதியில் ஒரு தேர்தல் கூட்டம். மேடையில் இருந்தவர், "அலைகடலெனத் திரண்டிருக்கும் என் உயிரினும் மேலானவர்களே" என்று ஆரம்பித்தார். நான் திரும்பிப் பார்த்தேன். முப்பது பேர் இருந்திருப்பார்கள். சுவரொட்டியைத் தின்ன வந்த இரண்டு ஆடுகளும் இருந்தன. மறுநாள் டீக்கடையில் ஒருவர் பத்தாயிரம் பேர் என்றார், இன்னொருவர் ஈ காக்கை இல்லை என்றார். இரண்டு பேரும் கூட்டத்தில் எனக்குப் பக்கத்தில் நின்றவர்கள். இரண்டு பேரும் சத்தியம் செய்தார்கள், அதுவும் பொய்ச் சத்தியம் இல்லை. ஒருவருக்குத் தன் கட்சிக் கடல் தெரிந்திருக்கிறது, மற்றவருக்கு எதிர்க்கட்சிப் பாலைவனம் தெரிந்திருக்கிறது. ஆடுகள் மட்டும் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

மலேசியாவுக்கு வேலைக்கு வந்தபோது, அடங்கிப் பேசுகிற நாட்டுக்கு வந்துவிட்டதாக நினைத்தேன். விசா அலுவலகத்தில் அதிகாரி மென்மையாக, "மிங்கு டெப்பான்" என்றார். அடுத்த வாரம் என்று பொருள். அடுத்த வாரம் போனேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்துவிட்டு மறுபடியும் அதையே சொன்னார். எங்கள் கம்பெனியில் அப்போது குமாஸ்தாவாக இருந்த ஒரு பந்திங் ஊர்ப் பெண் இதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அடுத்த வாரம்னா அடுத்த வாரமே போயிட்டீங்களா? அது வந்து சும்மா மரியாதைக்குச் சொல்றது லா."

அந்தப் பெண்தான் சாந்தி. இந்த நாட்டில் ஒரு சொல்லுக்கு எவ்வளவு தள்ளுபடி கொடுக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவள். எந்த அலுவலகத்தில் 'போலே, போலே' என்றால் முடியும் என்று பொருள், எந்த அலுவலகத்தில் வீட்டுக்குப் போ என்று பொருள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

என்னையும் அவள் விட்டுவைக்கவில்லை. ஊருக்குப் போனால் மலேசியாவில் சாலை கண்ணாடி மாதிரி இருக்கும், எல்லாம் மணியடித்தாற்போல நடக்கும் என்பேன். செந்தூலுக்குத் திரும்பினால் எங்கள் ஊரில் இந்த மாதிரி உண்டா, ஒரு போன் போட்டால் நாற்பது பேர் வந்து நிற்பான் என்பேன். இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்தவள் ஒரு நாள் சொன்னாள்.

"நீங்க ரெண்டு ஊர்லயும் எலெக்‌ஷன்ல நிக்கலாங்க."

நிற்பது இருக்கட்டும், எனக்கு ஓட்டே கிடையாது. கையில் இருப்பது நிரந்தரவாசிக்குத் தரும் சிவப்பு ஐ.சி. அடையாள அட்டை. இங்கே இருக்கலாம், வரி கட்டலாம், ஓட்டுப் போட முடியாது. ஊரில் ஓட்டுப் போடுவதென்றால் விமானம் ஏற வேண்டும். ஆகவே இரண்டு நாட்டு அரசியலையும் எந்தப் பொறுப்பும் இல்லாமல் விமர்சிக்கிற வசதி எனக்கு உண்டு, அதை நன்றாகவே அனுபவித்து வந்தேன்.

3

போன வருஷம் சாந்தி பாசார் சந்தையில் ஈரத் தரையில் வழுக்கி விழுந்தாள். முழங்காலில் அறுவை. மாடிப்படி ஏறி இறங்கவே கூடாது என்று டாக்டர் சொன்னார். எங்கள் வீடு எட்டாவது மாடியில். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது லிப்ட் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு வாரத்தில் நின்றுபோனது. பக்கத்து லிப்ட் அதற்கு முன்பே படுத்துவிட்டது, அதன் கதவில் யாரோ டியூஷன் விளம்பரம் ஒட்டி, அந்த விளம்பரமும் பழுத்துப்போயிருந்தது.

பழுது பார்க்கப் பெரிய தொகை வேண்டும். அடுக்குமாடி நிர்வாகக் குழுவிடம் இல்லை. மேலே மனுப் போட்டார்கள். மிங்கு டெப்பான் என்று பதில் வந்தது.

சாந்தி மாதக்கணக்கில் எட்டாவது மாடியில் இருந்தாள். மறுபரிசோதனையைத் தள்ளித் தள்ளிப் போட்டோம். தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கீழே போகிற வருகிற மோட்டார் சைக்கிள்களைப் பார்ப்பாள். "கீழ வெயில் எப்படி இருக்கு?" என்று என்னிடம் கேட்பாள், வெயில் மேலேயும் அடித்துக்கொண்டுதான் இருக்கும்.

அந்த இடைவெளியில் எங்கள் மகள் யாழினியின் பட்டமளிப்பு விழா வந்தது. ஒரே மகள். உளவியல் படித்தாள். நாலு வருஷமும் விடியலில் எழுந்து அவளுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தவள் சாந்தி. விழாவுக்கென்று பிரிக்பீல்ட்ஸில் மாம்பழ நிறப் பட்டு ஒன்றை விழுவதற்கு முன்பே எடுத்து வைத்திருந்தாள்.

யாழினி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தன் நண்பர்கள் வந்து அம்மாவை நாற்காலியில் தூக்கிக்கொண்டு இறங்குகிறோம் என்கிறார்கள் என்றாள். நான், "அம்மா ஒத்துக்க மாட்டா" என்றேன். சாந்தி மானஸ்தி. வேற்று ஆண்பிள்ளைகள் அவளைத் தூக்கி, எட்டு மாடியிலும் கதவைத் திறந்து வேடிக்கை பார்ப்பதென்றால் செத்தாலும் சம்மதிக்க மாட்டாள். இருபத்து சொச்சம் வருஷம் குடும்பம் நடத்தியவனுக்கு இதுகூடத் தெரியாதா?

விழாவுக்கு நான் மட்டும் போனேன். யாழினி மேடையேறியதைக் கைபேசியில் எடுத்துவந்து காட்டினேன். சாந்தி பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தாள். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னாள். என் கை ஆடியிருந்ததால் மகள் தலை பாதி வெட்டுப்பட்டிருந்தது.

கொஞ்ச நாளில் யாழினி பினாங்கில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். போன் பேச்சு சுருங்கி வாட்சாப் ஆகி, வாட்சாப் சுருங்கிக் கட்டைவிரல் படமாகிவிட்டது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் அப்படித்தான் என்று சாந்தியிடம் சொன்னேன். அதற்கும் என்னிடம் விளக்கம் தயாராக இருந்தது.

4

வைபி எங்கள் கார் நிறுத்துமிடத்தில் கூடாரம் போட்டு மக்கள் குறை கேட்க வந்தார். நான் மைக்கைப் பிடித்து உள்ளதை உள்ளபடி சொன்னேன். லிப்ட் ஓடவில்லை, என் மனைவி மருத்துவரிடம் போக முடியவில்லை, மகளின் பட்டமளிப்பு விழாவுக்குக்கூட வர முடியவில்லை.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "லைவ்ல பார்க்கலாமே அங்கிள்!"

சிரிப்பு. வைபியும் சிரித்துவிட்டு, உதவியாளரைப் பார்த்து 'குறிச்சுக்குங்க' என்றார். உதவியாளரிடம் பேனா இல்லை.

அடுத்து பக்கத்து ப்ளாக் அக்கா ஒருவர் மைக்கை வாங்கினார். "எங்க புள்ளைங்க தண்ணி இல்லாம செத்துக்கிட்டு இருக்குங்க வைபி!" செத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அவருக்குப் பின்னாலேயே நின்று ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. அந்த ப்ளாக்குக்குப் புதுத் தண்ணீர்த் தொட்டி வந்தது.

நிர்வாகக் குழுச் செயலாளர் முனியாண்டி அண்ணன் என்னைத் தள்ளிக்கொண்டு போனார். முன்னாள் லோரி டிரைவர். பேச்சிலும் டாப் கியர்தான்.

"என்னா சார் நீங்க, ரிப்போர்ட் வாசிக்கிற மாதிரி பேசிட்டு வந்துட்டீங்க? எல்லாரும் பத்து சொல்வான். வைபி அதுல எட்டைக் கழிச்சிட்டு ரெண்டை எடுத்துக்குவாரு. நீங்க ரெண்டே சொன்னா என்னா மிஞ்சும்? மைனஸ்ல போயிடும் சார்."

"அதுக்காகப் பொய் சொல்லச் சொல்றீங்களா அண்ணே?"

"யாரு பொய் சொல்லச் சொன்னா? அவரு கழிக்கிறதுக்குச் சேர்த்துக் குடுங்க. அவ்வளவுதான்."

அளவு பார்க்கிறவனுக்கு இது புரியாமல் போகவில்லை. கட்டுமானத்திலும் சேதாரத்துக்கென்று கொஞ்சம் கூட்டித்தான் போடுவோம். வைபி மறுபடி வந்தபோது மைக்கை வாங்கினேன். எதைச் சேர்ப்பது என்று யோசித்து வைத்திருக்கவில்லை, அதுவாகவே வந்தது.

"வைபி, என் மனைவியை ஆஸ்பத்திரிக்கு நாலு பேர் தூக்கிட்டுப் போனாங்க. நாற்காலியில வெச்சு. எட்டு மாடி."

கூடாரம் அமைதியாகிவிட்டது. நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள் என்றால் தமிழில் என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். ஓர் அம்மாள் "ஐயோ" என்றார். வைபி குடித்துக்கொண்டிருந்த பானத்தைக் கீழே வைத்தார். அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"மழை வேற" என்று சேர்த்துக்கொண்டேன்.

ஒலிபெருக்கி எட்டாவது மாடிவரை கேட்கும். நான் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே போனபோது சாந்தி வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"யாருங்க அந்த நாலு பேரு?"

"லிப்ட் வரணுமா வேணாமா?"

சிரித்துவிட்டாள். மாதக்கணக்குக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்ததால் எனக்குக் கொஞ்சநஞ்சம் இருந்த உறுத்தலும் போய்விட்டது.

5

லிப்ட் வந்தது. வைபி ரிப்பன் வெட்டினார். மேடையில் லிப்ட் 'மின்தூக்கி' ஆனது, பழுது பார்த்தது 'புரட்சி' ஆனது, என் மனைவி 'செந்தூல் தாய்' ஆனாள். அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவள் கைத்தடியோடு எழுந்து கும்பிட்டாள்.

அதற்குப் பிறகு அந்த நாலு பேர் எங்கள் கையில் இல்லை. வைபி கிள்ளானில் பேசியபோது அவர்கள் ஆறு பேர் ஆனார்கள். முனியாண்டி அண்ணன் ஒரு கல்யாண வீட்டில் என் எதிரிலேயே, "நாற்காலியோட முன்னாடி இடது கால் நான்தான் புடிச்சேன், இன்னும் தோளு வலிக்குது" என்று சொன்னார். நான் அவரைப் பார்த்தேன். அவர் கண்ணில் விஷமமே இல்லை, வலிதான் தெரிந்தது. ஐந்தாவது மாடிப் பையன், சாப்பாட்டுக் கடை அண்ணே, காவலாளி என்று எங்கள் அடுக்குமாடியில் இப்போது அந்த நால்வரில் குறைந்தது ஒன்பது பேர் இருக்கிறார்கள்.

சாந்தியும்தான். முதலில் என் மானத்தைக் காப்பாற்றத் தலையாட்டினாள். ஒரு நாள் பந்திங்கிலிருக்கும் தங்கையிடம் போனில், "தூக்கும்போது பயமாத்தான் இருந்துச்சு லா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கதவருகே நின்றேன். என்னைப் பார்த்ததும் ஒரு கணம் குழம்பி, பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

தீபாவளிக்கு வந்த யாழினியிடம் இதை வேடிக்கையாகச் சொன்னேன்.

"அதுக்குப் பேரெல்லாம் இருக்குப்பா. திரும்பத் திரும்பக் கேட்டா மூளைக்கு அது நிஜம் மாதிரி ஆயிடும். பாலிடிக்ஸ்ல அதான் பிசினஸே. அப்புறம் இன்னொன்னு இருக்கு. முன்னாடியே ஒன்ன நம்பிட்டா, அதுக்குத் தோதா இருக்கறது மட்டும்தான் கண்ணுல படும்."

"நம்ம ஊர்க்காரங்களுக்கு இதெல்லாம் ஜாஸ்தி" என்றேன்.

"எல்லாருக்கும் இருக்கும்ப்பா. எனக்கு இல்லன்னு நெனக்கறவங்களுக்குத்தான் ஜாஸ்தி."

நான் வைபியை நினைத்துச் சிரித்தேன். அவள் என்னுடன் சேர்ந்து சிரிக்கவில்லை. அம்மா எங்கே என்றும் கேட்கவில்லை, பையிலிருந்து இயர்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

6

பதாகையைப் படம் பிடித்து எங்கள் குடும்ப வாட்சாப் குழுவில் போட்டேன். குடும்பக் குழு என்றால் மூன்று பேர். உடனே சாந்தி போன் செய்தாள்.

"அங்கேயே நில்லுங்க. நான் வரேன்."

கைத்தடியை ஊன்றிக்கொண்டு தனியாகக் கொமுட்டர் ஏறி வந்துவிட்டாள். எதிர்த்த நடைபாதையில் நின்று, பதாகையை மேலிருந்து கீழாக நிதானமாகப் பார்த்தாள்.

"வெள்ளைச் சேலை கட்டிவிட்டிருக்கானுங்க. உங்களுக்கு எப்பங்க ஆச்சு?"

"எனக்கே இப்பத்தான் தெரியும்."

பூக்கட்டிக்கொண்டிருந்த இளம்பெண் எங்களைக் கவனித்துவிட்டு இரக்கத்தோடு சொன்னாள். "பாவம் ஆன்டி, அந்த அம்மா அப்புறம் செத்துட்டாங்களாம்."

சாந்தி அவளைப் பார்த்தாள். "அப்படியாம்மா? எப்போ?"

"தூக்கிட்டுப் போறப்பவே ஆன்டி. போன வாரம் செராமால சொன்னாங்க."

"பாவம்" என்றாள் சாந்தி. அந்தப் பெண்ணிடமே ஒரு முழம் மல்லிகை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து சிரித்தோம். ரசம் ஊற்ற வந்தவர் ஏன் என்று கேட்க, "நான் செத்துட்டேன் அண்ணே, அப்பளம் இன்னொன்னு போடுங்க" என்றாள். நல்ல மதியம் அது. மிகைப்படுத்துகிறவர்களைப் பற்றி ஊருக்கு ஒரு கட்டுரை எழுதிவிட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன். தலைப்புகூட யோசித்துவிட்டேன்.

செந்தூலில் இறங்கி, எங்கள் அடுக்குமாடியின் லிப்டுக்கு முன்னால் நின்றபோது சாந்தியின் கைபேசி ஒலித்தது. யாழினி குரல் பதிவு அனுப்பியிருந்தாள். பல நாளுக்குப் பிறகு கட்டைவிரலுக்குப் பதிலாகக் குரல். சாந்தி ஆசையாக லிப்டுக்குள் வந்ததும் அதைத் தட்டினாள். கதவு மூடிக்கொண்டது. நாங்கள் இரண்டு பேர்தான்.

"ஐயோ ப்பா, இந்த போஸ்டர் டூ மச் லா. ஆறு பேரா! என் ஃப்ரெண்ட்ஸ் நாலு பேரு நெஜமாவே வந்து தூக்கறோம்னு சொன்னாங்க. அம்மாதானே வேணாம்னுட்டாங்க. இப்ப பாரு, ஊரே தூக்குது. ஹ்ம்ம். பரவால்ல லா, நல்லா இருக்கு."

சிரித்துக்கொண்டேதான் பேசியிருந்தாள். கடைசியில் மட்டும் சிரிப்பு இல்லை.

சாந்தி கைபேசியைப் பார்த்தாள். மறுபடி தட்டி, மறுபடி கேட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"யாரு வேணாம்னா?"

"நீ ஒத்துக்க மாட்டேன்னு…"

"என்னைக் கேட்டீங்களா?"

லிப்ட் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. நாலு பேர் என்று அன்றைக்கு மைக்கில் என் வாயில் எங்கிருந்து வந்தது என்பது இப்போது தெரிந்தது. செத்தாலும் சம்மதிக்க மாட்டாள் என்று அவள் ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. நானே சொல்லி, நானே கேட்டு, நானே கைதட்டியிருக்கிறேன்.

"அந்தப் புள்ள என்னைக் கூப்பிடவே இல்லன்னு நெனச்சுட்டு இருந்தேங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். "நானே வேணாம்னுட்டேன்னு அவ நெனச்சுட்டு இருக்கா."

எட்டாவது மாடியில் கதவு திறந்தது. அவள் இறங்கவில்லை. அங்கேயே மகளுக்குப் போன் போட்டாள். கதவு கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு மூடிக்கொள்ள, கீழே யாரோ அழைத்திருக்க வேண்டும், லிப்ட் எங்கள் இருவரோடும் இறங்கத் தொடங்கியது. லிப்டுக்குள் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும்.

"யாழினி? அம்மா பேசறேன். நான் வேணாம்னு சொல்லலம்மா. கேட்டிருந்தா வந்திருப்பேன்… கேக்குதா? நான் வேணாம்னு சொல்லலம்மா. கேட்டிருந்தா வந்திருப்பேன்."

அந்தப் பக்கம் அறுந்து அறுந்து யாழினியின் குரல் வந்தது. என்னம்மா, சரியா கேக்கல, என்னா சொல்றீங்க?

சாந்தி கைபேசியை வாய்க்கு அருகே கொண்டுபோய் மூன்றாவது முறையும் அதையே சொன்னாள். ஒரு சொல்லும் கூட்டவில்லை.